எலுமிச்சைத் தோலில் ஒளிந்திருந்த செல்வம்

ரசாயன மேதை ஓட்டோ வாலாக்கின் வாழ்க்கை வரலாறு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது தென்னேரி. பெரிய ஏரியால் பெயர் பெற்ற ஊர். கோடை வந்துவிட்டால், மற்ற ஊர்களைப் போலவே அங்கும் வீட்டுக்கு வீடு எலுமிச்சம்பழம் பிழிவார்கள். சாறு வயிற்றுக்குப் போகும். தோல் குப்பைக்குப் போகும்.

குழந்தைகள் மட்டும் தோலைச் சும்மா விடுவதில்லை. ஆரஞ்சுத் தோலை மடித்து, பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்கு நேராகப் பீய்ச்சுவார்கள். கண் எரியும். பையன் அலறுவான். அம்மா வந்து இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு அடி கொடுப்பாள்.

அதே தோலை விளக்குச் சுடர் அருகே மடித்தால், பொறி பறக்கும்.

கண்ணை எரிய வைத்தது எது? பொறி பறக்க வைத்தது எது? இரண்டும் ஒன்றேதான். தோலில் இருக்கும் வாசனைத் தைலம்!

அந்தத் தைலத்தின் ரகசியத்தை அறிந்துகொள்ள ஒரு மனிதர் தம் வாழ்நாளையே செலவிட்டார். அதற்காக உலகத்தின் மிகப் பெரிய பரிசையும் பெற்றார். அவர்தான் ஜெர்மனி நாட்டு ரசாயன விஞ்ஞானி ஓட்டோ வாலாக்.

வீட்டிலேயே சோதனை

1847-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி, கோனிக்ஸ்பெர்க் என்ற நகரில் வாலாக் பிறந்தார். அப்போது அது பிரஷ்ய நாட்டு நகரம். இன்று ரஷ்யாவில் இருக்கிறது. காலினின்கிராட் என்பது இப்போதைய பெயர்.

தந்தை அரசாங்க உத்தியோகஸ்தர். உத்தியோகம் என்றால் மாற்றல் உண்டு அல்லவா? குடும்பம் ஊர் ஊராக மாறியது. கடைசியில் போட்ஸ்டாம் நகரில் தங்கியது. சிறுவன் ஓட்டோ அங்கேதான் பள்ளியில் படித்தான்.

அந்தக் காலத்துப் பள்ளிகளில் பழைய மொழிகளுக்கும் இலக்கியத்துக்கும்தான் மதிப்பு. விஞ்ஞானத்துக்கு அவ்வளவு இடம் இல்லை. ஓட்டோவுக்கு இலக்கியம் பிடித்தது. சித்திரமும் சிற்பமும் பிடித்தன. ஆனால் ரசாயனம் அவனை ஆட்கொண்டுவிட்டது. பள்ளியில் கிடைத்தது போதாமல், வீட்டிலேயே சோதனைகள் செய்து பார்த்தான்.

1867-ம் ஆண்டு கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் வாலாக். அங்கே ரசாயனத் துறையின் தலைவர் வோலர். பெரும் புகழ் பெற்றவர். உயிர்களின் உடலில் மட்டுமே உண்டாகும் என்று கருதப்பட்ட யூரியாவை, 1828-ம் ஆண்டிலேயே சோதனைக்கூடத்தில் செய்து காட்டியவர் அவர்.

வாலாக் காலம் கடத்தவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1869-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 22.

புகை விரட்டியது

மறு ஆண்டு பான் நகருக்குச் சென்றார். அங்கே கெக்குலே என்ற பேராசிரியர் இருந்தார். பென்சீன் என்ற பொருளின் அணுக்கள் வளையம் போலக் கோத்திருக்கின்றன என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர்.

வேலையில் அமர்ந்த சூடு ஆறவில்லை. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. வாலாக் பட்டாளத்துக்குப் போக நேர்ந்தது.

போர் முடிந்தது. பெர்லினில் சாய மருந்துகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. நல்ல வேலைதான். ஆனால் உடம்பு இடம் கொடுக்கவில்லை. வாலாக் இயற்கையாகவே நலிந்த உடல்வாகு கொண்டவர். தொழிற்சாலையின் நச்சுப் புகை அவரை வாட்டி எடுத்தது. அங்கே நீடித்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலைமை.

வேறு வழியில்லை. வேலையை விட்டார். 1872-ல் மீண்டும் பான் நகருக்கே திரும்பினார். கெக்குலேயின் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1876-ல் துணைநிலைப் பேராசிரியர் ஆனார்.

கெட்ட புகை அவரைத் தொழிற்சாலையிலிருந்து விரட்டியது. நல்ல வாசனை ஒன்று அவருக்காகப் பான் நகரில் காத்திருந்தது. அது அவருக்கே தெரியாது!

கேட்காமல் வந்த வேலை

1879-ம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பாடம் நடத்த ஆள் இல்லை. அந்தப் பொறுப்பை வாலாக்கின் தலையில் கட்டினார்கள்.

அவர் படித்ததோ ரசாயனம். மருந்துச் சரக்குகளைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆனாலும் அவர் முணுமுணுக்கவில்லை. மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காகத் தாமே மாணவராக மாறினார்.

மருந்துக் கடைகளில் அந்தக் காலத்தில் முக்கியமான சரக்கு தைலங்கள். எலுமிச்சைத் தைலம், ஆரஞ்சுத் தைலம், யூகலிப்டஸ் தைலம், டர்ப்பன்டைன், கற்பூரம் என்று எத்தனையோ! இவற்றுக்குள் என்ன இருக்கிறது? புத்தகங்களில் தேடினார் வாலாக். தெளிவான பதில் கிடைக்கவில்லை.

கெக்குலேயின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பழைய அலமாரி இருந்தது. அதில் வரிசையாகத் தைலப் புட்டிகள். பல ஆண்டுகளாக யாரும் மூடியைக்கூடத் திறக்கவில்லை. தூசி படிந்து கிடந்தன.

அவற்றை ஆராயலாமா என்று கெக்குலேயிடம் அனுமதி கேட்டார் வாலாக். கெக்குலேக்கு நம்பிக்கை இல்லை. இந்தக் குழப்பத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் எண்ணம். ஆனாலும் தடுக்கவில்லை. உன் சாமர்த்தியம் என்று விட்டுவிட்டார்.

அந்த அலமாரியைத் திறந்த நாள், ரசாயன உலகில் ஒரு புதிய கதவு திறந்த நாள்.

தைலம் எடுப்பது எப்படி?

வாலாக் கண்டுபிடித்ததைச் சொல்லும் முன்பு, பழத்தோலிலிருந்து தைலம் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். தோலில் சின்னஞ்சிறு புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு தைலப்பை. தோலை மடித்தால் பை உடைகிறது. தைலம் தெறிக்கிறது.

இத்தாலியில் சிசிலி என்ற தீவு இருக்கிறது. எலுமிச்சைத் தோட்டங்கள் நிறைந்த இடம். அங்கே விளைவது நம் ஊர் எலுமிச்சைக்கு அண்ணன் முறையான பெரிய எலுமிச்சை. அந்தக் காலத்தில் தோலைத் தண்ணீரில் ஊற வைத்து, கடற்பஞ்சின் மேல் வைத்துக் கையால் அழுத்துவார்கள். பஞ்சு தைலத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சைப் பாத்திரத்தில் பிழிவார்கள். தண்ணீர் அடியில் நிற்கும். தைலம் மேலே மிதக்கும். அதை மட்டும் பிரித்து எடுப்பார்கள்.

பின்னாளில் இதே வேலையை இயந்திரம் செய்யத் தொடங்கியது. சூடு காட்டாமல் பிழிவதால் பழத்தின் வாசனை கெடாது.

இன்னொரு வழி, வாலையில் வடிப்பது. தோலைத் தண்ணீரோடு கொதிக்க வைத்தால், நீராவியோடு தைலமும் ஆவியாகக் கிளம்பும். அந்த ஆவியைக் குழாய் வழியாக ஓட்டிக் குளிரச் செய்தால், தண்ணீரும் தைலமும் தனித்தனியாக நிற்கும்.

இது சமையல் எண்ணெய் போன்றது அல்ல. நல்லெண்ணெயைக் காகிதத்தில் விட்டால் கறை நிற்கும். சுத்தமான வாசனைத் தைலம் பெரும்பாலும் ஆவியாகப் பறந்துவிடும்.

ஒன்றுக்குப் பல பெயர்

இந்தத் தைலங்களில் அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்குப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது.

பெரும்பாலான தைலங்களில் உள்ள முக்கியமான பொருள், பத்துக் கார்பன் அணுக்களும் பதினாறு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது. இந்த இனத்துக்கு டெர்ப்பீன் என்று பெயர். ஆனால் எல்லாம் தண்ணீர் போல நிறமில்லாத திரவங்கள். கொதிக்கும் சூடும் கிட்டத்தட்ட ஒன்று. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகவே ஒவ்வொருவரும் தாம் எடுத்த செடியின் பெயரையே பொருளுக்கும் வைத்தார்கள். ஆரஞ்சிலிருந்து எடுத்தால் ஒரு பெயர். எலுமிச்சையிலிருந்து எடுத்தால் இன்னொரு பெயர். சோம்பு இனத்துச் சீமைச் செடியிலிருந்து எடுத்தால் மூன்றாவது பெயர். பெயர்கள் பெருகின. அறிவு பெருகவில்லை.

வியாபாரத்திலும் இதனால் மோசடி நடந்தது. எலுமிச்சைத் தைலம் விலை உயர்ந்தது. டர்ப்பன்டைன் மலிவானது. இரண்டையும் கலந்து விற்றால் யார் கண்டுபிடிப்பது? மருந்து வாங்குகிறவன்தான் ஏமாந்தான்.

வாலாக் ஒரு வழி கண்டுபிடித்தார். திரவத்தைத் திரவமாகவே வைத்துக்கொண்டால்தானே குழப்பம்? அதைக் கெட்டியான படிகமாக மாற்றினால் என்ன?

தைலத்தோடு புரோமின் போன்ற பொருள்களைப் பக்குவமாகச் சேர்த்தார். கற்கண்டு போலப் படிகங்கள் உண்டாயின. ஒவ்வொரு படிகத்துக்கும் உருகும் சூடு உண்டு. அது மனிதனுக்குக் கைரேகை போல! ஆள் மாறினால் ரேகை மாறும். பொருள் மாறினால் உருகும் சூடு மாறும்.

சொல்வதற்கு எளிது. செய்வதற்கு மலைபோன்ற பொறுமை வேண்டும். தைலத்தை வடிக்க வேண்டும். மீண்டும் வடிக்க வேண்டும். படிகம் வராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாலாக் சலிக்கவில்லை. 1884-ம் ஆண்டு முதல் அவருடைய கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

ஆரஞ்சுத் தைலத்தின் படிகம் 104 டிகிரி சூட்டில் உருகியது. எலுமிச்சைத் தைலத்தின் படிகமும் அதே சூட்டில்! சீமைச் செடியின் படிகமும் அதே சூட்டில்! மூன்று பெயர்களும் ஒரே பொருளைக் குறித்தன. அந்தப் பொருள்தான் லிமோனீன்.

ஆரஞ்சுத் தோல் தைலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன்தான். எலுமிச்சையில் அதைவிடக் குறைவு. மற்றப் பொருள்கள் சிறிதளவே இருந்தாலும், அவைதான் ஆரஞ்சு மணத்தையும் எலுமிச்சை மணத்தையும் வேறுபடுத்துகின்றன.

வலது காலும் இடது காலும்

அடுத்து ஓர் அதிசயம் நடந்தது.

ஊசியிலை மரத்தின் தைலத்திலும் வாலாக் லிமோனீனைக் கண்டார். ஆனால் அது சற்று வேறுபட்டது. பழத்தோலில் இருப்பது வலது கால் செருப்பு என்றால், இது இடது கால் செருப்பு! அளவு ஒன்று, தோல் ஒன்று, தையல் ஒன்று. ஆனாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. ஒன்று மற்றொன்றின் கண்ணாடி உருவம்.

இரண்டின் படிகங்களும் 104 டிகிரியில்தான் உருகின. இரண்டையும் சம அளவில் சேர்த்தார் வாலாக். கிடைத்த படிகம் 124 டிகிரி வரை தாக்குப் பிடித்தது!

வாலாக்குக்கு உடனே நினைவு வந்தது. டைபென்டீன் என்று வேறு ஒரு பொருள் உண்டு. அதன் படிகமும் 124 டிகிரியில்தான் உருகும். அப்படியானால் டைபென்டீன் தனிப் பொருளே அல்ல. வலதும் இடதும் சேர்ந்த ஒரு ஜோடி. அவ்வளவுதான்!

இப்படிப் பெயர்க் காடு கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தது. குவிந்து கிடந்த பெயர்கள் எல்லாம் சில பொருள்களுக்குள் அடங்கின.

1887-ல் இன்னொரு பெரிய உண்மையைச் சொன்னார். ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஐசோபிரீன் என்ற பொருளை ஒரு செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு செங்கல்களை இணைத்தாற்போல அமைந்தவைதான் டெர்ப்பீன்கள் என்றார் அவர். ரப்பரும், காரட் கிழங்கின் நிறமும் அதே வகைச் செங்கல்களால் ஆனவை என்பது பின்னால் வந்தவர்கள் தெளிவாகக் கண்ட உண்மை.

தேடி வந்த நோபல் பரிசு

1889-ம் ஆண்டு, கோட்டிங்கன் பல்கலைக்கழகம் வாலாக்கை அழைத்தது. வோலரின் கீழ் மாணவராக இருந்த அதே இடத்தில், இப்போது ரசாயன நிலையத்தின் தலைவர்! வயது 42.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆராய்ச்சியும் மாணவர்களுமே அவருக்குக் குடும்பம். ஓய்வு கிடைத்தால் சித்திரங்களை ரசிப்பார். சிறு வயதில் தொடங்கிய அந்த ஆசை கடைசிவரை போகவில்லை.

தம் ஆராய்ச்சிகளை எல்லாம் தொகுத்து, டெர்ப்பீன்களும் கற்பூரமும் பற்றிய பெரிய நூல் ஒன்றை 1909-ல் வெளியிட்டார்.

மறு ஆண்டு, 1910-ல், ரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. யாருடனும் பங்கு இல்லை. முழுப் பரிசும் அவருக்கே. அப்போது அவருக்கு வயது 63. தூசி படிந்த புட்டிகளைத் திறந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வாசனைப் பொருள் தொழிலும் அவரால் தழைத்தது. எந்தத் தைலம் சுத்தமானது, எதில் கலப்படம் என்று அறிய வழி பிறந்தது. மணங்களைச் செயற்கையாகச் செய்யவும் பாதை திறந்தது.

வீட்டுக்கு என்ன பயன்?

முன்பெல்லாம் காய்ச்சல் வந்தால், ஓடிகொலோனில் நனைத்த துணியை நெற்றியில் போடுவார்கள். அந்த வாசனை நீர் எங்கே பிறந்தது தெரியுமா? வாலாக் வேலை பார்த்த பான் நகருக்கு அருகே உள்ள கொலோன் நகரில்! 1709-ம் ஆண்டு முதல் அங்கே வியாபாரம் நடத்தியது இத்தாலியிலிருந்து வந்த ஃபரினா குடும்பம். எலுமிச்சை இனத்துப் பழத்தோல்களின் தைலங்களைச் சாராயத்தில் கலந்து அதைச் செய்தார்கள்.

இன்று லிமோனீன் இல்லாத வீடு அரிது. சோப்பில் இருக்கிறது. மிட்டாயில் இருக்கிறது. பாத்திரம் துலக்கும் திரவத்தில் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதில் அது கெட்டிக்காரன். சில பூச்சிகளையும் கொல்லும். பழச்சாறு ஆலைகளில் மிஞ்சும் தோலிலிருந்து இதை ஏராளமாக எடுக்கிறார்கள்.

வீட்டிலும் தோலைப் பயன்படுத்தலாம். எலுமிச்சைத் தோலால் பித்தளைப் பாத்திரம் தேய்த்தால் பளபளக்கும். அது தோலில் ஒட்டியிருக்கும் புளிப்புச் சாற்றின் வேலை. பிசுக்கை எடுப்பது தைலத்தின் வேலை. ஆரஞ்சுத் தோலைக் குளியல் பொடியில் சேர்ப்பது நம் வழக்கம். நல்ல வெயிலில் காய வைத்தால் மணம் பறந்துவிடும். நிழலில் உலர்த்துவது நல்லது.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். கடையில் விற்கும் சுத்தத் தைலம் மிகவும் காரமானது. அதைக் குடிக்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தைலத்தைத் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் உண்டாகலாம். நெருப்பருகே கொண்டு போகக் கூடாது. வாசனை மனத்துக்கு இதம் தரும். நோய்க்கு மருந்து தருபவர் டாக்டர்தான்.

கடைசி நாட்கள்

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. இளமையில் தாம் போர்க்களம் சென்று திரும்பியவர் வாலாக். இப்போது அவர் வளர்த்த இளைஞர்கள் சென்றார்கள். அவருடைய உதவியாளர்கள் பலர் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் இல்லாத அந்தப் பெரியவருக்கு அது புத்திர சோகம் போன்றது.

1915-ல் பதவியை விட்டு விலகினார். ஆராய்ச்சியை மட்டும் விடவில்லை. முதுமையிலும் தொடர்ந்து செய்தார். 1931-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி, கோட்டிங்கன் நகரில் காலமானார். 84 வயது நிறைய ஒரு மாதமே இருந்தது.

அவர் விட்டுச் சென்ற நாற்காலியில் அமர்ந்த விண்டவுஸ், 1928-ல் நோபல் பரிசு பெற்றார். அதைக் கண்ணால் காணும் பாக்கியம் வாலாக்குக்குக் கிடைத்தது.

இன்னொருவர், இங்கிலாந்திலிருந்து வந்து வாலாக்கிடம் பயின்ற ஹாவொர்த். அவருக்கு 1937-ல் நோபல் பரிசு. வைட்டமின் சி பற்றிய ஆராய்ச்சியும் அந்தப் பரிசுக்கு ஒரு காரணம். வைட்டமின் சி எதில் இருக்கிறது? எலுமிச்சைச் சாற்றில்!

குரு தோலை ஆராய்ந்தார். சீடர் சாற்றின் சத்தை ஆராய்ந்தார். ஒரு பழத்துக்குள்ளே இரண்டு நோபல் பரிசுகள்!

உடம்பு நலிந்தவர். விரும்பிய வேலை நிலைக்கவில்லை. கேட்காத வேலை வந்து சேர்ந்தது. பெரிய பேராசிரியர் பயனில்லை என்று ஒதுக்கிய புட்டிகளே அவருக்குக் கிடைத்த மூலதனம். அதை வைத்துக்கொண்டுதான் ஓட்டோ வாலாக் உயர்ந்தார்.

நாளைக்கு எலுமிச்சம்பழம் பிழியும்போது, தோலை ஒரு முறை முகர்ந்து பாருங்கள். அதன் பிறகு குப்பையில் போடலாமா, வேண்டாமா என்று யோசியுங்கள்.